மாரி பிறக்குமுன் ஊர்ப் பட்டியலைக் கையில் எடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கோயில் பொறுப்பாளர்களான வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையாருக்கும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர்மாருக்கும் மரைக்காயர்மாருக்கும், தேவாலயப் பங்குச் சபையாருக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரிய பெரியோர்களே,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

புரட்டாதி முடியப் போகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் எழும்பி எங்கள் கரையைத் தேடி வரும் மாதங்கள். இந்த ஆண்டு வருமா, வராதா, வந்தால் எவ்வளவு பலமாக வரும் என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டால் எங்கள் ஊரில் யார் யாரைத் தூக்கிக்கொண்டு போவது என்பதை மட்டும் இன்றைக்கே எங்களால் சொல்லிவிட முடியும். அதைச் செய்து தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கேட்பது இதுதான். உங்கள் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ உட்பட்ட ஒவ்வொரு ஒழுங்கையிலும், தானாக எழுந்து வெளியேற முடியாதவர் எந்த வீட்டில் இருக்கிறார், அவரைக் கூட்டிப் போகப் பொறுப்பானவர் யார், எந்த வாகனத்தில், எந்தக் கட்டடத்துக்கு என்று பெயர் பெயராக எழுதி வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் சூறாவளி என்ற சொல்லை வானொலியில் உச்சரிப்பதற்கு முன்பே அந்தக் கொப்பி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இது அரசாங்கத்தின் வேலையல்லவா என்று கேட்பீர்கள். அரசாங்கத்தின் வேலைதான். சுனாமிக்குப் பிறகு 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மாவட்டப் பிரிவு இருக்கிறது, 117 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். எச்சரிக்கை இன்றைக்குக் கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. ஆனால் பிரதேச செயலகத்திலிருந்து விதானையாருக்கு, அதாவது கிராம உத்தியோகத்தருக்கு, வந்த செய்தி, அவரிடமிருந்து ஒழுங்கையின் கடைசி வீட்டுப் படலை வரைக்கும் நடந்து போக வேண்டும். ஒரு கிராம உத்தியோகத்தரின் பிரிவில் பல நூறு குடும்பங்கள் இருக்கின்றன. அவர் ஒருவர் எத்தனை படலையைத் தட்டுவார்? மழை தொடங்கிய அன்றே அவருக்கு நிவாரண அறிக்கை, வெள்ளம் ஏறிய வீடுகளின் கணக்கு, மேலிருந்து வரும் அழைப்புகள் என்று ஆயிரம் வேலை வந்து சேர்ந்துவிடும்.

உங்களுக்கு அந்தப் படலைகள் எல்லாம் தெரியும். கிழக்கு மாகாணத்துக் கோயில்களில் திருவிழா, தாய்வழி வரும் குலமாகிய குடி குடியாகப் பகிர்ந்து நடக்கிறது. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, அந்தக் குடியில் எத்தனை வீடு, எந்த வீட்டில் வரி கொடுக்கக்கூடியவர் இருக்கிறார், எந்த வீட்டில் கேட்கவே கூடாத நிலைமை என்பதெல்லாம் உங்கள் கொப்பியில் எழுதியும் இருக்கிறது, எழுதாமலும் தெரியும். பள்ளிவாசல்களிலும் அப்படியே. குடிமுறை எங்கள் இரு சமூகத்துக்கும் பொதுவான சொத்து. குடித் தலைவரான மரைக்காயருக்குத் தன் குடியின் குடும்பங்களைத் தெரியும், சந்தாப் பட்டியல் நிருவாகத்தின் கையில் இருக்கிறது. தேரோட்ட நாளில் ஆயிரக்கணக்கான சனத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அன்னதானம் போட்டு, தொலைந்த பிள்ளையை ஒலிபெருக்கியில் அறிவித்துத் தாயிடம் சேர்க்கிற ஆட்கள் நீங்கள். நோன்புக் காலத்தில் ஊருக்கே கஞ்சி காய்ச்சி வீடு வீடாகச் சேர்ப்பவர்கள் நீங்கள். இந்தக் காரியத்துக்கு வேண்டிய பட்டியல், ஆட்பலம், கிடாரம், குரல், சனத்தின் நம்பிக்கை எல்லாம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இதற்கென்று புதிய சங்கம் ஒன்றும் தொடங்கத் தேவையில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மட்டக்களப்பை நேரே அடித்த அந்தச் சூறாவளியில் நாட்டில் சுமார் 915 பேர் இறந்தார்கள், பத்து இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள், இரண்டரை இலட்சம் கட்டடங்கள் வரை சேதமடைந்தன. எங்கள் மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு, ஏறத்தாழ 28,000 ஏக்கர், ஒரே இரவில் அழிந்தது. பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பது போயின. மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் ஒன்று போனது. தென்னை ஒன்றை நட்டுக் காய் பறிக்க எத்தனை ஆண்டு செல்லும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இரவின் கடனைப் பல குடும்பங்கள் பத்து ஆண்டுக்கு மேல் கட்டின.

அதன் பிறகு அவ்வளவு பலமான காற்று எங்கள் மேல் நேராக வரவில்லை. 2000 டிசம்பரில் வந்ததும், 2020இல் புரெவியும் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறின. அதனால் இன்று ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள எவருக்கும் முழுப் பலத்தோடு அடிக்கும் காற்று எப்படியிருக்கும் என்று நேரில் தெரியாது. வீட்டை விட்டுப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற குடும்பத் தலைவர்கள், தலைவிகள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள். வெள்ளம் அவர்களுக்குப் பழக்கம். “மழைதானே, பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். சூறாவளி வெள்ளத்தைப் போலப் படிப்படியாக வருவதில்லை.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். இதை நீங்கள் வெள்ளிக்கிழமை குத்பாவிலும் பூசை முடிந்த பின்னும் ஞாயிறு திருப்பலி முடிவிலும் சனத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சூறாவளி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அது கிழக்கே கடலிலிருந்து நேரே எங்கள் ஊரை நோக்கி வந்தால் முதலில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். நடுக்கண் ஊருக்கு மேலே வந்ததும் காற்று சட்டென்று அடங்கும், சில வேளை வானமும் வெளிக்கும். முடிந்துவிட்டது என்று சனம் வெளியே வரும். கூரைத் தகரத்தைப் பொறுக்கவும் மாட்டைப் பார்க்கவும் போகும். அந்த நேரத்தில்தான் மறுபாதி தெற்கிலிருந்து முழுப் பலத்தோடு வந்து அடிக்கும். முதற்காற்றில் சாய்ந்து அசைந்து நின்ற மரமும் சுவரும் இந்த இரண்டாம் காற்றில் விழும். ஆகவே காற்று நின்றதும் எவரும் வெளியே வரக்கூடாது. உங்கள் ஒலிபெருக்கியிலோ, பொறுப்பானவர் நேரில் வந்தோ சொல்லும் வரைக்கும் உள்ளேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று, காற்றின் வேகத்தை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. மணிக்கு 63 கிலோமீற்றரைத் தாண்டினால்தான் ஒரு தாழமுக்கத்துக்குச் சூறாவளி என்று பெயர் சூட்டுகிறார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில், மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வீதியைக் கடந்தோடிய வெள்ளத்தில் இழுபட்டபோது, பின்னர் ஃபெங்கல் எனப்பட்ட அந்தத் தாழமுக்கத்துக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. இறந்த பிள்ளைகளின் ஜனாஸாக்களை ஊரே சேர்ந்து அடக்கியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோதும், 1978இன் காற்றோடு பார்த்தால் அதன் காற்று பெரிதல்ல. மழைதான் கொன்றது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மலைநாட்டில் மண்சரிவில் புதையுண்டவர்கள் அதில் அநேகம். பெயர் வைத்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கு அந்த இரண்டு நவம்பர்களையும் சொல்லிக் காட்டுங்கள்.

எங்கள் நிலத்தின் அமைப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்மேடு. எங்கள் கரைக்கு அப்பால் கடல் விரைவாக ஆழமாகிவிடுவதால், வங்காளதேசத்தில் போலக் கடல் பல அடி உயர்ந்து மைல் கணக்காக உள்ளே வருவது இங்கே குறைவு. ஆனால் கடல் கொந்தளித்து முகத்துவாரத்தில் அலை எதிர்த்து நிற்கும்போது வாவி நீர் கடலுக்கு வடிய முடியாது. அதே நேரத்தில் மேற்கே பெய்த மழையெல்லாம் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்கள் நிரம்பி வான்கதவு திறந்து வாவிக்குள் இறங்கும். அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத்து நீரும் கல்லோயா வழியாகக் கரையோர வயல்களுக்குத்தான் வரும். முன்னால் கடல், பின்னால் வாவி. கல்லடி முதல் கல்லாறு வரையும், கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரையும் இதே கதை. சனம் கடலை மட்டுமே பார்த்துப் பயப்படும், வீட்டுக்குப் பின்னாலிருந்து வருவதைக் கவனிக்காது.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு வேறு பிரச்சினை. அங்கே வெள்ளத்தில் ஊர் மூழ்குமுன் பாதை மூழ்கும். கிரான் பாலத்துக்கு அப்பால் உள்ள ஊர்கள் ஒவ்வொரு மாரியிலும் துண்டிக்கப்படுவதை எல்லோரும் அறிவோம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபின் மண்முனைத் துறைக்கு விடிவு வந்தது, குருமண்வெளியில் இன்னமும் பாதைப் படகுதான். காற்று எழும்பினால் அது ஓடாது. ஆகவே படுவான்கரையில் “தண்ணீர் வந்தால் போவோம்” என்ற முடிவு, போகமாட்டோம் என்பதற்குச் சமம். வெளியேறுவது பகலில் நடக்க வேண்டும், பாதை தெரியும்போதே நடக்க வேண்டும். அடுத்த நாள் இரவு காற்று வரும் என்றால் முதல் நாள் பகலிலேயே முதியோரும் கர்ப்பிணிகளும் மேட்டுக்கு வந்துவிட வேண்டும். வீதியைக் கடந்து ஓடும் நீர் முழங்கால் அளவு என்றாலும் ஆளைச் சாய்க்கும், அதில் உழவு இயந்திரமும் பாதுகாப்பில்லை என்பதை மாவடிப்பள்ளிக்குப் பிறகு எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வாகனச் சொந்தக்காரர்களுக்கு இதை முன்கூட்டியே கட்டளையாகச் சொல்லிவையுங்கள்.

இனிப் பட்டியலுக்கு வருகிறேன். இதில்தான் உங்கள் நேரத்தை அதிகம் கேட்கிறேன்.

வரிக் கொப்பியில் குடும்பத் தலைவரின் பெயர் இருக்கும். நாங்கள் தேடுவது தலைவரை அல்ல. வீட்டின் உள்ளறையில் படுத்திருக்கும் அம்மம்மாவை. யுத்தத்தில் காலிழந்து, செயற்கைக் காலை இரவில் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குபவரை. வாய் பேசாத, காது கேளாத பிள்ளையை. அந்தப் பிள்ளைக்கு ஒலிபெருக்கி கேட்காது. கூட்டத்தைக் கண்டால் பதறும் பிள்ளையை. வாரத்தில் குறித்த நாளில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவரை. எட்டு, ஒன்பது மாதக் கர்ப்பிணியை. கர்ப்பிணிகளின் பதிவு மருத்துவமாதுவிடம் இருக்கிறது, அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுங்கள். பிரசவ நாள் நெருங்கியவரைப் பொது மண்டபத்துக்குக் கொண்டுவராமல், பாதை இருக்கும்போதே வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவதுதான் நல்லது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வெள்ளம் மூடிய பாதையில் வர முடியாது.

கணவனில்லாமல் பிள்ளைகளோடு தனியே இருக்கும் பெண்கள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். ஆண் பெயரில் வரி எழுதும் கொப்பிகளில் இந்த வீடுகள் விடுபட்டுப் போயிருக்கக்கூடும். கோயிலுக்கு வரி கொடுக்க இயலாமல் ஒதுங்கிப்போன வீடு, ஊர்க் கட்டுப்பாட்டால் தள்ளி வைக்கப்பட்ட வீடு, மதம் மாறிப் போன வீடு என்று எந்த வீட்டையும் விடாதீர்கள். கொப்பியில் இல்லாத வீட்டை நடந்து போய்த்தான் கண்டுபிடிக்க முடியும். இளைஞர் விளையாட்டுக் கழகத்திலிருந்து இருவர், மாதர் சங்கத்திலிருந்து இருவர், ஒரு ஒழுங்கைக்குப் பொறுப்பாக நடக்கட்டும். ஆண்கள் மட்டும் போனால் சில வீடுகளில் படலைக்கு வெளியே நின்று “எல்லாரும் சுகம்தானே” என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளறை வரைக்கும் பெண்களால்தான் போக முடியும்.

எந்த வீட்டுப் பட்டியலிலும் வராதவர்களும் இருக்கிறார்கள். கரைவலை வாடியில் படுக்கும் தொழிலாளர்கள். வயல் வாடியில் காவலுக்கு இருப்பவர்கள். பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் எழும்பும் காலம் என்பதால் அவர்கள் விட்டு வர மனமில்லாமல் இருப்பார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் தங்கி வேலை செய்யும் வெளியூர்ப் பிள்ளைகள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்துக்கு வந்து வாடகை அறையில் இருக்கும் மாணவர்கள். இவர்களுக்கு ஊரில் குடியும் இல்லை, சந்தாப் பட்டியலில் பெயரும் இல்லை. யார் யாருடைய வளவில், யாருடைய வாடியில் தங்கியிருக்கிறார்களோ அந்தச் சொந்தக்காரரைப் பொறுப்பாக எழுதி வையுங்கள்.

அடுத்தது சனம் எங்கே போவது என்பது. காற்றுக்கு ஒரு கட்டடம், வெள்ளத்துக்கு ஒரு கட்டடம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உயர்ந்த மேட்டில் இருந்தாலும் தகரமோ சீற்றோ போட்ட திருமண மண்டபம் காற்றுக்கு ஆகாது. கொங்கிறீற் தட்டுப் போட்டிருந்தாலும் பள்ளத்தில் நிற்கும் கட்டடத்தின் கீழ்த்தளம் வெள்ளத்துக்கு ஆகாது. உங்கள் மண்டபம் எந்த வகை என்று பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாடசாலையைத் தெரிவுசெய்தால் திறப்பு யாரிடம் என்பதை எழுதிவையுங்கள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளத்துக்கு ஓடிவந்த சனம் பூட்டிய வாயிற்கதவுக்கு வெளியே மழையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். திறப்பு வைத்திருந்தவர் அக்கரையில் அகப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு திறப்பு, இரண்டு பேரிடம், இருவரும் ஊரிலேயே இருப்பவர்கள்.

மலசலகூடம் பெண்களுக்கு வேறாக, உள்ளே பூட்டக்கூடியதாக, வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 1991 ஏப்ரலில் வங்காளதேசத்தில் சூறாவளியில் 138,000 பேர் வரை இறந்தபோது ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளும் மிக அதிகம் இறந்தார்கள். ஆண் துணையில்லாமல் வெளியே போக முடியாமலும், நெரிசலான பாதுகாப்பு நிலையத்தில் மானத்தோடு இருக்க முடியாது என்று அஞ்சியும் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அவர்களில் பலர். 2004 டிசம்பர் 26இல் அம்பாறைக் கரையிலும் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் போனார்கள். போகிற இடத்தில் தனக்கும் தன் குமர்ப்பிள்ளைக்கும் பாதுகாப்பு உண்டு என்று நம்பினால்தான் ஒரு தாய் வீட்டை விட்டு எழும்புவாள். மண்டபத்தில் பெண்களின் பக்கத்துக்குப் பொறுப்பாகப் பெண்களையே நியமியுங்கள். பால் கொடுக்க மறைப்பு, மாதவிடாய்க்கு வேண்டிய துணி, இரவு முழுக்க ஒரு விளக்கு, இவற்றை அவர்களே ஒழுங்குசெய்வார்கள்.

இப்போது உங்களால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். வேறு எவர் சொன்னாலும் சனம் கேட்காது.

வண்ணக்கர் ஐயாமாரே, துடக்கு என்ற தீட்டுள்ள வீட்டுக்காரரும் மாதவிலக்கான பெண்ணும் கோயில் வீதிக்குள் வரமாட்டார்கள். பிள்ளை பெற்று முப்பத்தொரு நாள் ஆகாத தாய் கைக்குழந்தையோடு ஓட்டுக் கூரையின் கீழேயே இருந்துவிடுவாள். காற்று வரும் இரவில் கோயில் மண்டபம் எல்லோருக்கும் திறந்திருக்கும், துடக்குப் பார்க்கப்படாது, சாதி பார்க்கப்படாது என்று இப்போதே பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, ஒலிபெருக்கியில் ஊருக்கு அறிவியுங்கள். பிறகு கழுவித் தெளித்துச் சாந்தி செய்துகொள்ளலாம். கண்ணகை அம்மனுக்குச் சடங்கு செய்து மழை கேட்கும் ஊர்கள் நாங்கள். அம்மாள் தன் பிள்ளைகளை வாசலில் நிற்கச் சொல்லமாட்டாள்.

மௌலவிமாரே, நம்பிக்கையாளர்களே, கணவன் இறந்தோ மணவிலக்காகியோ இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருக்கும் பெண் வீட்டு வாசலைத் தாண்டத் தயங்குவாள். உயிருக்கு ஆபத்து வரும்போது வெளியேற மார்க்கத்தில் இடமுண்டு என்பதை நீங்கள்தான் அவளுக்கும் அவள் வாப்பாவுக்கும் காக்காமாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காற்று இரையும் நேரத்தில் பத்வா கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இரு பகுதியாருக்கும் சேர்த்து இன்னொன்று. காத்தான்குடிக்கும் ஆரையம்பதிக்கும், ஏறாவூருக்கும் செங்கலடிக்கும், அக்கரைப்பற்றுக்கும் ஆலையடிவேம்புக்கும் இடையே எல்லை என்பது சில இடங்களில் ஒரு ஒழுங்கையின் அகலம்தான். கிட்டவுள்ள உறுதியான கட்டடம் அடுத்த சமூகத்தினுடையது என்றால் சனம் அதைத் தாண்டித் தூரத்துக்கு நடக்கக்கூடாது. சுனாமியன்று எவரும் எவருடைய வாசல் என்று பார்க்கவில்லை. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் எல்லோருக்கும் சோறு போட்டன. அந்த ஏற்பாட்டை இம்முறை முன்கூட்டியே இரு நிருவாகமும் ஒரு மேசையில் இருந்து எழுதி வைத்தால் என்ன? கொப்பியின் ஒரு பிரதி அடுத்த ஊர் நிருவாகத்திடமும் இருக்கட்டும்.

வீட்டை விட்டுவரச் சனம் மறுப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. களவு போகும் என்ற பயம் முதலாவது. இளைஞர்கள் பாதுகாப்பான இடத்திலிருந்து முறை வைத்து, காற்று அடங்கியதும் பொலிசாரோடு சேர்ந்து ஊரைச் சுற்றுவார்கள் என்று சொல்லி, யார் யார் என்று பெயரும் சொன்னால் பாதிப் பேர் எழும்புவார்கள். இரண்டாவது மாடு. படுவான்கரையில் ஒரு பட்டி மாடு ஒரு குடும்பத்தின் முழு வாழ்வு. மாட்டை விட்டு வா என்று சொன்னால் வரமாட்டார்கள், சொல்லவும் கூடாது. எந்த மேட்டுக்கு எந்தப் பட்டியைச் சாய்ப்பது என்று கமக்காரர் அமைப்போடு பேசி, மனிதர்களுக்கு முன்பே மாடுகளை நகர்த்துங்கள். கட்டிய கயிற்றோடு எதையும் விடவேண்டாம், கன்றையும் ஆட்டையும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். கடற்றொழிலாளருக்குச் சங்கம் இருக்கிறது, படகை உயர இழுத்துக் கட்டி இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குப் போன பலநாள் படகுகளின் விபரத்தைச் சங்கத்திடம் கேட்டுக் கொப்பியில் ஒரு பக்கம் எழுதுங்கள். வாவியில் தோணி விடுகிறவர்கள்தான் எச்சரிக்கையைக் குறைவாக மதிப்பார்கள். அவர்களையும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியவை பலருக்கும் தெரிந்தவைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரு பொலித்தீன் பையில். பிரஷருக்கும் சீனிக்கும் குடிக்கும் குளுசை இரண்டு கிழமைக்கு. பற்றறி ரேடியோ, டோர்ச், தீப்பெட்டி, குடிதண்ணீர், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட். வீட்டின் மேல் சாய்ந்த கிளையை மாரிக்கு முன்னரே வெட்டுவது, தகரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது. காற்று முடிந்தபின் அறுந்த மின்கம்பிக்குக் கிட்டப் போகாமலிருப்பது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ. குளோரின் போட்டுச் சொல்லும் வரை கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காமலிருப்பது. வயலுக்கு இறங்குபவர்கள் எலிக்காய்ச்சலுக்குரிய குளுசையை அவரிடமே கேட்டு வாங்கலாம்.

பெரியோர்களே, நான் கேட்பது நடக்கக்கூடிய காரியமா என்று தயங்கினால், எங்கள் அதே விரிகுடாவின் வட கரையைப் பாருங்கள். 1970இல் வங்காளதேசத்தில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், ஒரு சூறாவளி மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கமும் அரசும் சேர்ந்து கிராமம் கிராமமாகத் தொண்டர்களைப் பழக்கின. கையில் ஒலிபெருக்கியும் கொடியும் கொண்டு வீடு வீடாகப் போகும் அந்தத் தொண்டர்கள் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பாதிப் பேர் பெண்கள். 1991இன் அழிவுக்குப் பின் பாதுகாப்பு நிலையங்களையும் ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். 2007இல் சித்ர் அடித்தபோது இழப்பு மூவாயிரத்துச் சொச்சம். 2020இல் அம்பான் வருமுன் இருபது இலட்சத்துக்கும் அதிகமானோரை வெளியேற்றினார்கள். அந்த நாட்டில் இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. செய்மதியும் வானிலை அறிவிப்பும் அதற்கு உதவின. ஆனால் கடைசி வீட்டுக் கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுக்காரர். எங்களைவிட வசதி குறைந்த கரையோர ஊர்கள் அவை.

ஆகவே ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு கூட்டம் கூட்டுங்கள். விதானையாரையும் மருத்துவமாதுவையும் பாடசாலை அதிபரையும் விளையாட்டுக் கழகத்தையும் மாதர் சங்கத்தையும் கூப்பிடுங்கள். வரிக் கொப்பியையும் சந்தாப் பட்டியலையும் மேசையில் வையுங்கள். ஒழுங்கைகளைப் பிரியுங்கள். இரண்டு கிழமையில் நடந்து முடித்து, எழுதிய கொப்பியின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். தீபாவளி வருமுன் ஒரு நாள் பகலில், உண்மையாகவே ஒரு முதியவரைக் கதிரையோடு தூக்கி வாகனத்தில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எந்த ஒழுங்கையில் வாகனம் திரும்பாது, எந்தப் படியில் கதிரை ஏறாது என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஒலிபெருக்கிக்கு ஒரு பற்றறி வாங்கி வையுங்கள். காற்று வரும்போது முதலில் நிற்பது மின்சாரம். அந்தப் பற்றறியும் நின்றுபோனால் கோயில் மணியை எப்படி அடித்தால் வெளியேறு என்று அர்த்தம், பள்ளிவாசலில் எப்படி அழைத்தால் அதே அர்த்தம் என்பதை இரு பகுதியும் பேசி ஒன்றாகவே வையுங்கள். அறிவிப்பை ஒருவர் மட்டும் வாசிக்கட்டும், வளிமண்டலவியல் திணைக்களமும் 117உம் சொன்னதை மட்டும் வாசிக்கட்டும். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுகளுக்கு அந்த மைக்கில் இடம் கொடுக்க வேண்டாம்.

எங்கள் பகுதியில் கொப்பி எழுதுவதற்கு நானும் என்னிடம் படித்த பெண்பிள்ளைகளும் நடந்து வரத் தயாராக இருக்கிறோம். கூட்டத் திகதியை அறிவியுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
எழுவான்கரையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை